சோலைவரிப் பதிவேட்டுக்கு வெளியே நின்றவர்கள்: மலையக நகரொன்றின் பிரதான வீதித் திட்டம் பற்றிய நிகழ்வு ஆய்வு

மலையகத்தின் சிறு நகரங்களில் பெரும்பாலானவற்றுக்கு வீதி ஒன்றுதான். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம்; இடையே பாதை போடக் கிடைத்த ஒடுங்கிய நிலத்தின் இருமருங்கிலும் கடைகள் எழுந்து, காலப்போக்கில் அதுவே நகரம் எனப் பெயர் பெற்றது. அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் ஏ-7 பாதையில் பயணிப்பவர் இதனைத் திரும்பத் திரும்பக் காண்பார். நெடுந்தூரப் பேருந்தும் மரக்கறி லொறியும் விரைந்து கடக்க வேண்டிய தேசிய நெடுஞ்சாலை, அடுத்த வளைவில் சந்தையாகவும், பேருந்துத் தரிப்பிடமாகவும், தேர் வலம் வரும் பாதையாகவும், சம்பளம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமையில் தோட்டத்து மக்கள் நின்று பேசும் முற்றமாகவும் மாறிவிடுகிறது. இத்தகைய வீதியொன்றின் எதிர்காலத்தைத் திட்டமிடும்போது யாரைக் கேட்க வேண்டும், எங்கே போய்க் கேட்க வேண்டும் என்பதே இந்த ஆய்வின் பொருள்.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட நகரம் பிரதேச சபையொன்றின் நிர்வாகத்தில் உள்ளது. கட்டட எல்லை தொடர்பான சில முறையீடுகள் இன்னும் முடிவாகாதிருப்பதால் ஊரின் பெயரையும், அதனைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விபரங்களையும் தவிர்த்திருக்கிறேன். கலந்துரையாடல்களில் தமிழ்க் குறிப்பெடுக்கும் வேலை என்னிடம் இருந்தது. குறிப்பெடுப்பவருக்கும் ஒரு பக்கச் சாய்வு இருக்கும் என்பதை வாசகர் மனத்தில் கொள்வது நல்லது.

வீதி யாருடையது

காகிதத்தில் இக்கேள்விக்கு விடை எளிது. ஏ, பி தரப் பாதைகள் 1981ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாக்கப்பட்ட வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தரப் பாதைகள் மாகாணத்துக்குரியவை. எஞ்சியவை உள்ளூராட்சி மன்றங்களுக்குரியவை. ஆனால் இந்நகரின் வீதியில் தாரும் பாலமும் அதிகார சபையினுடையவை. வடிகானைத் துப்புரவு செய்வது பிரதேச சபை. மின்கம்பம் மின்சார சபையினுடையது. புதிய கட்டடத்துக்கான அனுமதியில் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும், மண்சரிவு அபாயம் உள்ள சரிவென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் பங்குண்டு. வடிகான் மீது போடப்பட்ட கொங்கிரீட் சிலாப்புகள்தான் இங்கே நடைபாதை என்பதால், உடைந்த ஒரு சிலாப்பை யார் மாற்றுவது என்பதே நெடுநாள் இழுபட்ட வழக்காயிற்று. அதிகாரம் குறைவாகவும் திட்டு அதிகமாகவும் பெறுவது பிரதேச சபைதான்.

இதற்குமேல் இன்னொரு சிக்கல் உண்டு. இலங்கைக் குடிசன மதிப்பீட்டில் மாநகர சபை, நகர சபை எல்லைகளுக்குள் இருப்பவை மட்டுமே நகர்ப்புறமாகக் கணக்கிடப்படுகின்றன. பிரதேச சபையின் கீழுள்ள மஸ்கெலியா, பொகவந்தலாவை, நோர்வூட் போன்ற இடங்களை மக்கள் டவுன் என்றே அழைத்தாலும் புள்ளிவிபரத்தில் அவை நகரங்கள் அல்ல. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நுவரெலியா மாவட்டத்தில் ஏறத்தாழ 711,000 பேர் இருந்தனர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் தோட்டப்புறப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அதாவது, நகரமென்று பதிவாகாத ஒரு நகரத்தை, நகரவாசிகளென்று பதிவாகாத மக்கள் பயன்படுத்துகின்றனர். நகரத் திட்டமிடலுக்கான நிதியும் நிபுணரும் இவ்விடங்களுக்குக் கடைசியாக வந்து சேர்வதில் வியப்பில்லை.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நீண்டகாலம் காட்டப்பட்டு வந்தது. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினர், அதே மக்களின் லயத்துப் பாதைக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கான பாதைக்கு, ஒரு மூடை சீமெந்து வாங்கிக்கொடுக்க முடியாத நிலை அது. 2018இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் இத்தடையை நீக்கியது. அதே ஆண்டு பெப்ரவரியில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில், நுவரெலியா மாவட்டத்தின் பெரிய பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு, புதிய சபைகளுக்கும் உறுப்பினர்கள் தெரிவாகினர். ஆயினும் பழைய பழக்கம் ஒன்று மட்டும் மாறவில்லை. சபைக்குச் சோலைவரி, அதாவது கட்டடங்களுக்கும் காணிகளுக்குமான ஆதன வரி, செலுத்துபவர்கள் டவுனின் கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களுமே. தோட்டத்து லயங்கள் அப்பதிவேட்டில் இல்லை. வீதியைப் பற்றிப் பேச யாரை அழைப்பது என்ற கேள்வி எழுந்தபோது, சபை எழுதுவினைஞர் இயல்பாகவே அந்தப் பதிவேட்டைத்தான் திறந்தார்.

முதற்கூட்டம்

2019இல், நகரின் பிரதான வீதிக்குப் பத்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தயாரிப்பதென்று சபை தீர்மானித்தது. முதல் வரைவு ஏற்கெனவே கையில் இருந்தது: வீதியை அகலமாக்குதல், நடுவே பூச்சாடித் திட்டு, சந்தியில் மணிக்கூண்டு, நடைபாதை வியாபாரிகளை அகற்றுதல், நெடுந்தூரப் பேருந்துகளுக்குப் புதிய தரிப்பிடம். கருத்தறியும் கூட்டம் வாரநாளொன்றில் காலை 10 மணிக்கு சபை மண்டபத்தில் நடைபெற்றது. வர்த்தகர் சங்கம், பேருந்து உரிமையாளர்கள், முச்சக்கரவண்டிச் சங்கம், வங்கி முகாமையாளர்கள், பொலிசார், அதிகார சபைப் பொறியியலாளர் ஆகியோர் வந்திருந்தனர். கொழுந்து பறிக்கும் ஒருவர் அந்த நேரத்தில் கூட்டத்துக்கு வர வேண்டுமானால் அன்றைய பெயரை, அதாவது அந்த ஆண்டு ஜனவரியில் 700 ரூபாவாக உயர்த்தப்பட்டிருந்த அடிப்படை நாட்சம்பளத்தை, இழந்தாக வேண்டும். இழந்து வருவதற்கு அவர்களுக்கு அழைப்பும் இருக்கவில்லை.

சுவரில் மாட்டப்பட்ட வரைபடத்தின் குறிப்புகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தன. தமிழ் அரச கரும மொழியாகி முப்பதாண்டுகளுக்கு மேலாகியும், தமிழர் பெரும்பான்மையாக வாழும் பிரதேசத்தில் இப்படி நடப்பது எவரையும் அதிரவைக்கவில்லை என்பதையே நான் கவனிக்கத்தக்கதாகக் கருதுகிறேன். மண்டபத்தில் இருந்த தமிழ் வர்த்தகர்களுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். ஆகவே எவரும் முறையிடவில்லை.

கூட்டத்தின் போக்கை மாற்றியவர் அழைக்கப்படாத ஒருவர். நூலகத்தில் பிள்ளைக்கு அங்கத்துவம் எடுப்பதற்காக சபைக்கு வந்திருந்த ஒரு தாய், மண்டப வாசலில் நின்று வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழில்நுட்ப உத்தியோகத்தர் மரியாதைக்காக, "உள்ள வாங்க அம்மா, பாருங்க" என்றார். வந்து, விரலால் வீதியைத் தொட்டுத் தொட்டுச் சென்றவர், கோயில் வளைவுக்கு அருகே நின்று கேட்டார்: "இதுல நாங்க பஸ்ஸுக்கு எங்கங்க ஐயா நிக்கிறது?"

அவர் கேட்டது நெடுந்தூரப் பேருந்தை அல்ல. மேற்பிரிவுத் தோட்டங்களுக்கு ஏறும் சிறிய பேருந்துகளையும் வான்களையும்தான் கேட்டார். அவற்றுக்கு அனுமதிக்கப்பட்ட தரிப்பிடம் எக்காலத்திலும் இருந்ததில்லை. பலசரக்குக் கடைகளுக்கு முன்னால், சாரதிக்கும் கடை முதலாளிக்கும் உள்ள நட்பைப் பொறுத்து அவை நிற்கும். அனுமதி இல்லாததால் ஆவணத்தில் இல்லை. ஆவணத்தில் இல்லாததால் வரைபடத்திலும் இல்லை. சந்தை நாளில் இவ்வீதியில் நிற்பவர்களுள் மிகப் பெரிய கூட்டம், திட்டத்தில் ஒரு புள்ளியாகக்கூட இடம்பெறாமல் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேலை

அடுத்த சுற்றை வேறு விதமாக நடத்த வேண்டுமென்று வாதிட்டவர் அந்தத் தொழில்நுட்ப உத்தியோகத்தரே. ஓய்வு பெறும் தறுவாயிலிருந்த அவர், இளமையில் 1984ஆம் ஆண்டில் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தின் கீழ் தேசிய வீடமைப்பு அதிகார சபை நடத்திய சமூகச் செயற்றிட்டப் பட்டறைகளைக் கண்டவர். குடியிருப்பாளர்களும் அதிகாரிகளும் ஒரே மேசையில் அமர்ந்து பிரச்சினைகளை வரிசைப்படுத்தி, எதை யார் எப்போது செய்வதென எழுதிக்கொள்ளும் அம்முறை இலங்கையில் உருவெடுத்து, பின்னர் பிற நாடுகளின் திட்டமிடல் வகுப்பறைகளிலும் கற்பிக்கப்பட்டது. வடிகான், நடைபாதை போன்ற சிறு வேலைகளை ஒப்பந்தகாரருக்குப் பதிலாகக் குடியிருப்போர் சபைக்கே கொடுத்த சமூக ஒப்பந்த முறையும் அக்காலத்தது. பங்கேற்பு என்றவுடன் வெளிநாட்டு ஆலோசகரைத் தேடும் நம்மவர்களுக்கு இது மறந்துபோயிற்று.

ஆகவே, சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் வீதியிலேயே வேலை நடந்தது. நீளமான காகிதச் சுருளில் வீதியின் இருமருங்கையும் கடை கடையாக வரைந்து, பழைய சந்தைக் கட்டடத்தின் திண்ணையில் விரித்து, போகிறவர் வருகிறவர் எல்லாரையும் குறிக்கச் சொன்னோம். எழுதத் தயங்கியவர்களுக்குப் பாடசாலை மாணவர் எழுதிக்கொடுத்தனர். தோட்டத் தலைவர்களையும் மாதர் சங்கத் தலைவிகளையும் அழைத்துப் பேசுவது மட்டும் போதாது என்பது விரைவில் தெரிந்தது. தலைவர் தொழிற்சங்கத்தின் குரலில் பேசுவார், கூட வந்தவர்கள் தலையாட்டுவார்கள். அதனால் சுருள், தொழிலாளர் வேலைக்குமுன் கூடும் பெரட்டுக் களங்களுக்கும், தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவின் வாசலுக்கும், கோயில் மண்டபத்துக்கும் கொண்டுசெல்லப்பட்டது. பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின்னரும், மரக்கறி கொண்டுவரும் சிங்களக் கிராமத்தவர்களிடம் விடியற்காலைச் சந்தையிலும் அதுவே விரிக்கப்பட்டது.

வந்து விழுந்த குறிப்புகளில் மணிக்கூண்டைப் பற்றி ஒன்றுகூட இல்லை. மழைக்கு ஒதுங்க இடம், அரிசி மூடையை இறக்கிவைக்க ஒரு திட்டு, ஓய்வூதிய நாளில் தபாலகத்துக்கு முன் முதியவர்கள் உட்கார வாங்கு, பாடசாலை விடும் நேரத்தில் சந்தியைக் கடக்க ஒரு பொலிஸ்காரர், மாலை வகுப்பு முடிந்து வரும் பிள்ளைகளுக்கு கோயில் வளைவில் வெளிச்சம் என்பனவே மீண்டும் மீண்டும் எழுதப்பட்டிருந்தன. வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகின்ற ஒரு மலைத்தொடரின் நகரத்திட்டத்தில் கூரை பற்றிய சொல்லே இல்லாதிருந்தது, வரைவைத் தயாரித்தவர்கள் வெயில் நாளில் வந்து போனவர்கள் என்பதைக் காட்டிற்று.

இன்னொரு வகைத் தகவல் பொறியியலாளரையே நிமிர்ந்து உட்கார வைத்தது. வயதான சலவைத் தொழிலாளி ஒருவர், இப்போது மூன்று கடைகள் நிற்கும் இடத்துக்குக் கீழாக ஓடையொன்று சென்றதையும், அதன் மேல் போடப்பட்ட குழாய் எங்கே அடைபடும் என்பதையும், ஐப்பசி மழையில் எந்தச் சுவரின் அடியில் முதலில் ஊற்று வெடிக்கும் என்பதையும் சுருளில் காட்டினார். பள்ளப் பக்கக் கட்டடங்கள் வீதியிலிருந்து பார்க்க ஒரு மாடி, பின்னாலிருந்து பார்க்க மூன்று மாடி; அந்தக் கீழ்மாடிகளில் யார் குடியிருக்கிறார்கள், எங்கே மண் வெட்டப்பட்டது என்ற விபரம் எந்த அலுவலகக் கோப்பிலும் இருக்கவில்லை. அவரிடம் இருந்தது.

கழிப்பறை

இத்திட்டத்தில் மிகக் கடினமான விடயம் எதுவென்று கேட்டால் வீதியின் அகலம் என்று சிலர் சொல்லக்கூடும். நான் பொதுக் கழிப்பறை என்பேன்.

நகரில் இருந்த ஒரே கட்டணக் கழிப்பறை பேருந்துத் தரிப்பிடத்தின் பின்புறம், வெளிச்சமில்லாத படிகளின் கீழே இருந்தது, மாலையானால் பூட்டப்படும். பிள்ளைக்காம்பரா வாசலில் நடந்த பேச்சில்தான் இதன் விளைவு வெளிப்பட்டது. டவுனுக்கு வரும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை என்று ஒரு பெண் சொன்னதும் மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக ஆமோதித்தார்கள். சபை மண்டபத்தில், ஆண்கள் நிறைந்த அந்த முதற்கூட்டத்தில், இவ்விடயம் ஒருபோதும் மேசைக்கு வந்திருக்காது. கடைகளில் வேலை செய்யும் இளம் பெண்களும் இதே சிக்கலில் இருந்தனர் என்பதை அவர்களின் முதலாளிமார் அறிந்திருந்தும் பேசாதிருந்தனர்.

தேவையை எவரும் மறுக்கவில்லை. இடத்தைத்தான் மறுத்தார்கள். சந்தைக்கு அருகில் என்றபோது இறைச்சிக் கடைக்காரரும் ஹோட்டல் உரிமையாளரும் ஒன்றாக எழுந்து நின்றனர். இவ்விருவரும் வேறெந்த விடயத்திலும் ஒன்றாக நின்றதை நான் கண்டதில்லை. தபாலகத்துக்குப் பின்னால் என்றபோது, கோயில் தேர் அவ்வழியே வருமென்று கோயில் கமிட்டி ஆட்சேபித்தது. பள்ளப் பக்கத்தில் கட்டலாம் என்றபோது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குறுக்கிட்டார்: சரிவில் மலக்குழிநீர் நிலத்துள் இறங்காமல் கீழேயுள்ள ஓடைக்குப் போகும், ஓடை நீரைக் கீழ்ப்பிரிவு லயங்கள் பயன்படுத்துகின்றன. தோட்டத்தின் கீழ்ப்பிரிவிலிருந்து வந்திருந்த பெண்களே இதைக் கேட்டுக் கலவரமடைந்தனர். மேற்பிரிவுப் பெண்களின் வசதி கீழ்ப்பிரிவுப் பெண்களின் குடிநீரோடு மோதியது. மக்கள் என்று ஒற்றைச் சொல்லில் எல்லாரையும் அடக்கிப் பேசுவோர் இத்தகைய கூட்டமொன்றில் ஒரு மணி நேரம் இருக்க வேண்டும்.

முடிவில், பேருந்துத் தரிப்பிடத்தின் முன்பக்க மூலையில், வீதி மட்டத்திலேயே வாசல் வைத்து, மூடிய தொட்டியுடன், முதலில் எண்ணியதை விடச் சிறியதாகக் கட்ட இணக்கம் ஏற்பட்டது. தொட்டியின் கழிவை வெளியேற்றும் செலவு சபையின் தலையில் விழுவதால் கட்டணம் தொடரும். பொறுப்பாளராகப் பெண் ஒருவர் நியமிக்கப்படுவார். இரவு கடைசிப் பேருந்து வரை திறந்திருக்கும். அந்தக் கடைசி நிபந்தனைக்காக நடந்த வாக்குவாதத்தின் குறிப்பு மட்டும் என் கொப்பியில் பல பக்கங்கள்.

ஆப்பும் சிவப்புக் கோடும்

வர்த்தகர்களின் அச்சம் வேறு. அளவையாளர்கள் வந்து ஆப்பு அடித்து, சில கடைச் சுவர்களில் சிவப்பு மையால் கோடு கீறிச் சென்றதிலிருந்து நகரம் தூங்கவில்லை. மலையகத்தில் இந்த அச்சத்துக்கு ஆழமான வேர் உண்டு. 1969இல் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போயிற்று. வரட்சியில் நீர் வற்றும்போது கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இன்றும் வெளியே தெரிகின்றன. 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாற் மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் ஏறத்தாழ 500 குடும்பங்கள் வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டன. அங்கே உறவினர் உள்ள ஒரு முதலாளி கூட்டத்தில் கேட்டார்: "கோடு போட்டவங்க அழிக்க வருவாங்களா சேர்?"

இளைஞர் சிலர் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து அளவைப் படத்தின் பிரதியைப் பெற்றனர். அதன் பின்னரே பேச்சு நிலத்துக்கு இறங்கியது. கோடு வதந்தியில் சொல்லப்பட்ட அளவுக்கு உள்ளே வரவில்லை. ஆனால் பள்ளப் பக்கத்தின் பழைய கடைகள் பலவற்றின் முன்சுவர், புதிதாகக் கட்டினால் அனுமதிக்கப்படாத எல்லைக்குள் இருந்தது. மலைப் பக்கத்தை வெட்டி அகலமாக்குவது சரிவைக் குலைக்கும் என்பதைச் சலவைத் தொழிலாளியின் குறிப்புகள் ஏற்கெனவே உணர்த்தியிருந்தன. எனவே நகரின் நடுப்பகுதியில் அகலப்படுத்தலைக் கைவிட்டு, இருக்கும் அகலத்தை நேரத்தால் பிரித்துப் பயன்படுத்தலாம் என்ற யோசனை முன்னுக்கு வந்தது.

லொறிகள் காலை 7 மணிக்கு முன் சாமான் இறக்கிவிட வேண்டும் என்று சபை முன்மொழிந்தது. வர்த்தகர்கள் ஒப்புக்கொண்டனர். மறுத்தவர்கள் நாட்டாமைமார். மூடை சுமக்கும் அவர்கள் தோட்டங்களிலிருந்து முதற் பேருந்தில் வருபவர்கள்; அப்பேருந்தே அந்நேரத்துக்கு வந்து சேராது. அவர்களைக் கேட்காமல் விதித்திருந்தால் அவ்விதி முதல் வாரத்திலேயே செத்திருக்கும். நேரம் 8 மணிக்கு நகர்ந்தது. பாடசாலைப் பிள்ளைகளின் வருகையோடு அது மோதுவதால், பாடசாலைப் பக்கத்துக் கடைகளுக்கு மட்டும் மாலையில் இறக்க அனுமதிக்கப்பட்டது. படத்தில் பார்க்க அழகில்லாத ஏற்பாடுதான்.

நடைபாதை வியாபாரிகளைப் பற்றிய விவாதத்தில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. இவர்களை அகற்றும்படி உரத்துக் கேட்ட கடைக்காரர்களுள் சிலரே, தீபாவளிக் காலத்தில் தம் சரக்கை ஆள் வைத்து நடைபாதையில் விற்பவர்கள். சட்டவிரோதம் என்று அழைக்கப்பட்ட அதே வியாபாரிகளிடம் சபை நாளாந்தம் பற்றுச்சீட்டு எழுதிப் பணம் பெற்றுக்கொண்டிருந்தது. பற்றுச்சீட்டு அடுக்கொன்றை ஒரு துணி வியாபாரி மேசையில் வைத்த பிறகு அகற்றுதல் என்ற சொல் குறிப்பேட்டில் வரவில்லை. இடம் அடையாளமிட்டு, சந்தியிலிருந்து தள்ளி, பாதி எண்ணிக்கையிலாவது நிறுத்துவதென்று பேசப்பட்டது. எந்தப் பாதி என்பது தீரவில்லை.

ஒத்திகை

சம்பளத்துக்கு அடுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தார்ப் பீப்பாய்களையும் கயிற்றையும் கொண்டு புதிய ஏற்பாட்டை ஒத்திகை பார்த்தோம். தோட்டப் பேருந்துகளுக்குக் கோயில் வளைவுக்கு இப்பால் இடம் ஒதுக்கப்பட்டது. கடைகளுக்கு முன் வாகனம் நிறுத்துவது தடுக்கப்பட்டது. வர்த்தகர்கள் இதற்கு இலகுவில் இணங்கவில்லை. கண்டியில் 1998 ஜனவரிக் குண்டுவெடிப்பின் பின் தலதா மாளிகைக்கு முன்னாலுள்ள வீதி பாதுகாப்புக்காக வாகனங்களுக்கு மூடப்பட்டு, பல ஆண்டுகளாக மூடியபடியே இருந்ததை ஒருவர் நினைவூட்டினார். காரணம் முற்றிலும் வேறென்றாலும், தற்காலிகம் என்ற சொல்லை நம்பாததற்கு அவருக்கு உரிமை இருந்தது. அதனால் ஒத்திகை முடியும் நேரம் மூன்று மொழிகளிலும் எழுதி ஒட்டப்பட்டது. சொன்ன நேரத்தில் பீப்பாய்கள் அகற்றப்பட்டன. அன்றைய ஒத்திகையால் கிடைத்த தரவுகளை விட, சொன்னபடி அகற்றியதே வர்த்தகர்களின் மனத்தை அசைத்தது என்பது என் மதிப்பீடு.

அதன் பின் நாடு முழுவதற்கும் நேர்ந்தது இவ்வீதிக்கும் நேர்ந்தது. 2020இன் பெருந்தொற்று, 2022இன் எரிபொருள் நெருக்கடி. வாகனமில்லாத அந்த மாதங்களில் மக்கள் வீதி நடுவே நடந்தனர். வாகனமில்லாவிட்டாலும் நகரம் வாழும் என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்ட ஒரு உறுப்பினர் முயன்றார். வாகனத்தோடு மக்களின் கையிலிருந்த காசும் இல்லாமற் போயிருந்த காலத்தைக் கொண்டு அப்படிச் சொல்ல இயலாது. கழிப்பறையும், தோட்டப் பேருந்துக்கான கூரையிட்ட தரிப்பிடமும், சிலாப்பு மாற்றலில் ஒரு பகுதியும் அதற்கிடையில் முடிந்திருந்தன. சிலாப்பு வேலையின் ஒரு பகுதி கோயில் கமிட்டிக்குச் சமூக ஒப்பந்தமாகக் கொடுக்கப்பட்டது. கணக்கு எழுதுவதில் தகராறு வந்தாலும் சிலாப்புகள் உறுதியாக இருக்கின்றன.

2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் தள்ளிப்போனதால் ஈராண்டுக்கு மேல் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. நிர்வாகம் அதிகாரிகளின் கையில் இருந்தது. பங்கேற்பின் உண்மையான சோதனை அதுவே. கூட்டம் கூட்டவோ குழுவை அங்கீகரிக்கவோ ஆளில்லாத அக்காலத்தில் எவை தப்பின, எவை தப்பவில்லை என்று பார்க்கும்போது ஒரு வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. நாள்தோறும் தம் உடலால் காத்துக்கொள்ளும் ஆட்கள் உள்ளவை தப்பின: தோட்டப் பேருந்து நிற்கும் இடத்தில் கார் நிறுத்தினால் காத்திருக்கும் பெண்களே சத்தம் போட்டு எடுப்பித்தனர், கழிப்பறையை மாலையில் பூட்ட முயன்றபோது கடைப் பெண்கள் சபைச் செயலாளரிடம் கையொப்பமிட்ட மனுக் கொடுத்தனர். சாமான் இறக்கும் நேர விதி தேய்ந்துபோயிற்று. நடைபாதை வியாபாரிகளுக்கான அடையாளக் கோடுகள் அழிந்தன. திரும்பக் கீறுவதற்கு எவருக்கும் அவசரமில்லை, ஏனெனில் அந்த இணக்கத்தால் முழுமையாக நன்மை பெற்றவர் எவருமில்லை.

இப்போதுள்ள நிலை

2025 மே மாதத் தேர்தலின் பின் அமைந்த புதிய சபை திட்டத்தை மீண்டும் கையில் எடுத்தது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் மழையும் மண்சரிவுகளும் மலையகத்தில் பேரிழப்பை ஏற்படுத்தின. அதன் பிறகு விவாதத்தின் மையம் மாறிவிட்டது: வீதியின் அகலமல்ல, பள்ளப் பக்கக் கட்டடங்களின் கீழ்மாடிகளில் எவரேனும் குடியிருக்கலாமா என்பதே முதற் கேள்வியாயிற்று. பழைய ஓடை பற்றிய குறிப்புகள் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டுள்ளன. அங்கே வாடகைக்கு இருப்பவர்கள் சோலைவரிப் பதிவேட்டில் இல்லாதவர்கள். உரிமையாளர்கள் பலர் கொழும்பிலோ கண்டியிலோ வசிக்கின்றனர். முதற்கூட்டத்தில் தோட்டத்து மக்களுக்கு நேர்ந்தது இம்முறை இவர்களுக்கு நேரக்கூடாதென்று, அறிவித்தல்களை உரிமையாளருக்குத் தபாலில் அனுப்புவதோடு நில்லாமல் கீழ்மாடிகளின் கதவைத் தட்டிப் பேச வேண்டுமென ஒரு பெண் உறுப்பினர் வலியுறுத்தினார். சபை அதை ஏற்றுக்கொண்டது. எந்த உத்தியோகத்தர் போவது என்பதில் இழுபறி இருக்கிறது.

நகர அபிவிருத்தி அதிகார சபையின் சட்டப்படி அபிவிருத்தித் திட்ட வரைவொன்று 60 நாட்கள் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அந்த 60 நாட்களும் ஆவணம் அலுவலக நேரத்தில், அலுவலகத்தில் இருந்தால் அது யார் பார்வைக்கு என்பது இந்நகரத்துக்கு இப்போது தெரியும். வரைவைத் தமிழ்க் குறிப்புகளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தைத் திண்ணையிலும், மாலை வேளைகளில் பெரட்டுக் களங்களிலும் வைப்பதற்கான பிரேரணை சபையில் நிறைவேறியுள்ளது. அதற்கான செலவுத் தலைப்பு அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இன்னும் சேர்க்கப்படவில்லை. வீதி அபிவிருத்தி அதிகார சபை, நடுப்பகுதியில் அகலப்படுத்தலைக் கைவிடுவது பற்றி எழுத்தில் பதிலளிக்கவில்லை. சுவர்களில் கீறப்பட்ட கோடுகள் செல்லுபடியாகுமா என்று கேட்டு வர்த்தகர் சங்கம் அனுப்பிய கடிதமும் அதே கோப்பில் இருக்கிறது.